காப்பீட்டு வழக்கும் இரண்டு நீதிமன்றங்களும்: அமெரிக்காவில் வழக்கு மாற்ற உரிமையின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாநில நீதிமன்றத்தில் தொடரப்பட்ட உரிமையியல் வழக்கு ஒன்றைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளப் பிரதிவாதிக்குச் சட்டம் இடம் தருகிறது. இது வழக்கு மாற்ற உரிமை எனப்படும். 1789-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்த உரிமையை, இரயில் நிறுவனங்களைப் போலவே காப்பீட்டு நிறுவனங்களும் மிகுதியாகப் பயன்படுத்தி வந்துள்ளன. அயல் மாநிலத்தவர் உள்ளூர்ப் பாரபட்சத்துக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் தொடக்க நோக்கம். ஆனால் காப்பீட்டு வழக்குகளில், தீயில் வீட்டை இழந்தவரும் கணவரை இழந்தவரும் தம் இழப்பீட்டை எங்கே, எந்தச் சட்டத்தின்படி, எவ்வளவு செலவில் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் கருவியாக அது வளர்ந்தது.

இரண்டு வகை நீதிமன்றங்கள்

இந்தியாவில் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவை ஒரே அடுக்கில் அமைந்தவை. நடுவண் சட்டம், மாநிலச் சட்டம் இரண்டையும் அதே நீதிமன்றங்களே கையாளுகின்றன. அமெரிக்காவில் அவ்வாறில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் தனி நீதிமன்றங்களை வைத்துள்ளது. அவற்றுக்கு அருகிலேயே கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்களும் இயங்குகின்றன. பல மாநிலங்களில் நீதிபதிகள் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கூட்டாட்சி நீதிபதிகளையோ குடியரசுத் தலைவர் செனட் அவையின் ஒப்புதலுடன் நியமிக்கிறார். அவர்களது பதவிக்கு ஆண்டு வரம்பு இல்லை. மாநில நீதிமன்றத்தின் ஜூரி பொதுவாக ஒரு கவுண்டியின் மக்களைக் கொண்டது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி அதைவிடப் பரந்த பகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது.

காப்பீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. எனவே சாதாரணக் காப்பீட்டு வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு முக்கிய வழியே உண்டு. வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலங்களின் குடிமக்களாக இருக்க வேண்டும்; வழக்கின் தொகை சட்டம் குறித்த வரம்பைத் தாண்ட வேண்டும். இதனை மாநில வேற்றுமை அதிகாரவரம்பு எனலாம். இந்த இரண்டு நிபந்தனைகளைச் சுற்றியே இரு நூற்றாண்டுப் போராட்டம் நடந்தது.

1789-ஆம் ஆண்டுச் சட்டம்

வெவ்வேறு மாநிலத்தவர்க்கு இடையிலான வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்பதை அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு ஏற்கிறது. வழக்காடும் இரு தரப்பில் ஒன்று தன் சொந்த மாநிலத்தின் நீதிபதி முன் நிற்கும்போது நடுநிலை ஐயத்துக்கு உள்ளாகும் என்பது அதை ஆதரித்தோரின் வாதம். அலெக்சாண்டர் ஹாமில்டன் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளின் 80-ஆம் இதழில் இந்த வாதத்தை முன்வைத்தார்.

1789 செப்டம்பர் 24 அன்று நிறைவேறிய நீதித்துறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு வழக்கு மாற்றத்துக்கு வழி செய்தது. வாதி தன் சொந்த மாநில நீதிமன்றத்தில் வெளி மாநிலத்தவர் ஒருவர் மீது 500 டாலருக்கு மேல் கோரி வழக்குத் தொடர்ந்தால், அந்த வெளி மாநிலத்தவர் வழக்கில் முதன்முதலாக முன்னிலையாகும் போதே மனு அளித்து, பிணையும் கொடுத்து, வழக்கை மாற்றிக்கொள்ளலாம். சொந்த ஊரில் வழக்காடுகிறவருக்குப் பாரபட்சத்திலிருந்து பாதுகாப்புத் தேவையில்லை என்பதால் இந்த உரிமை அன்று அயலாருக்கு மட்டுமே தரப்பட்டது. 1806-இல் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு விதி வகுத்தது. வாதிகளுள் எவரும் பிரதிவாதிகளுள் எவருடனும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது என்பதே அது. இவ்விதி பிற்காலத்தில் காப்பீட்டு வழக்குகளின் போக்கையே மாற்றியது.

நிறுவனம் எந்த மாநிலத்தின் குடிமகன்?

மனிதருக்குக் குடியுரிமை உண்டு. பங்குதாரர்களால் ஆன நிறுவனத்துக்கு உண்டா என்ற கேள்வி 1809-இல் எழுந்தது. ரோட் தீவைச் சேர்ந்த ஹோப் காப்பீட்டு நிறுவனத்தின் மீது மசசூசெட்சுக்காரர்கள் தொடர்ந்த வழக்கும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வங்கி தொடர்ந்த வழக்கும் அவ்வாண்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தன. நிறுவனம் தானே குடிமகன் ஆகாது, அதன் உறுப்பினர்களின் குடியுரிமையைத்தான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பங்குதாரர்கள் பல மாநிலங்களில் இருப்பது இயல்பு. ஆகவே பெரிய நிறுவனங்களுக்குக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

1844-இல் லெட்சன் வழக்கு இதை மாற்றியது. ஒரு நிறுவனத்தை அது பதிவான மாநிலத்தின் குடிமகனைப் போலவே கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் நியூயார்க்கிலோ கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டிலோ பதிவான காப்பீட்டு நிறுவனம், விஸ்கான்சினில் எத்தனை முகவர்களை வைத்து வணிகம் செய்தாலும், விஸ்கான்சின் நீதிமன்றத்தில் அயலாராகவே எண்ணப்பட்டது.

1869-இல் பால் எதிர் வர்ஜீனியா வழக்கின் தீர்ப்பு வந்தது. உரிமம் பெறாமல் நியூயார்க் நிறுவனங்களுக்காகக் காப்பீடு விற்ற முகவருக்கு வர்ஜீனியா 50 டாலர் அபராதம் விதித்திருந்தது. காப்பீட்டு ஒப்பந்தம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அன்று எனவும், அரசியலமைப்பு குடிமக்களுக்கு அளிக்கும் சலுகைகளை நிறுவனம் கோர முடியாது எனவும் உச்ச நீதிமன்றம் கூறியது. இதனால் காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் உறுதியாக நின்றது. ஒழுங்குபடுத்துவது மாநிலம், ஆனால் வழக்கு என்று வந்தால் நிறுவனம் அந்த மாநிலத்தின் நீதிமன்றத்தை விட்டு வெளியேறலாம். அடுத்த அரை நூற்றாண்டுப் பூசலுக்கு இந்த முரண்பாடே வித்து.

இரு நீதிமன்றம், இரு சட்டம்

நீதிமன்றம் மாறினால் சட்டமும் மாறியது. 1842-இல் ஸ்விஃப்ட் எதிர் டைசன் வழக்கில், பொது வணிகச் சட்டம் சார்ந்த கேள்விகளில் மாநில நீதிமன்றங்களின் தீர்ப்புகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் கார்ப்பெண்டர் வழக்கில் அக்கொள்கை தீக்காப்பீட்டு ஒப்பந்தத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி ஜோசப் ஸ்டோரி.

இதன் விளைவை நெப்ராஸ்காவின் கிராண்ட் வியூ கட்டடச் சங்கத்தின் வழக்கு நன்கு காட்டுகிறது. அச்சங்கத்துக்கு ஏற்கெனவே வேறொரு தீக்காப்பீடு இருந்தது. புதிய காப்பீட்டை விற்ற நார்தர்ன் அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் முகவருக்கு அது தெரியும். ஆனால் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி அதை ஆவணத்தில் எழுதிச் சேர்க்கவில்லை. தீ விபத்துக்குப் பின் நிறுவனம் அந்த நிபந்தனையைக் காட்டிப் பணம் தர மறுத்தது. முகவர் அறிந்ததை நிறுவனமும் அறிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதே அக்காலத்தில் பல மாநில நீதிமன்றங்களின் நிலை. 1902-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், எழுதிய நிபந்தனையே செல்லும் என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கம் சோர்ந்துவிடவில்லை. ஒப்பந்தத்தைத் திருத்தித் தர வேண்டும் என மாநில நீதிமன்றத்தில் புதிய வழக்குத் தொடர்ந்து வென்றது. 1906-இல் அந்த வெற்றியை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரே தீ, ஒரே ஒப்பந்தம். ஒரு வழியில் தோல்வி, மறு வழியில் வெற்றி.

விஸ்கான்சினின் எதிர்ப்பு

உள்நாட்டுப் போருக்குப் பின் நாடாளுமன்றம் வழக்கு மாற்ற உரிமையைப் படிப்படியாக விரித்தது. 1866, 1867, 1875 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதற்குச் சான்று. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வாதி, பிரதிவாதி ஆகிய இரு தரப்புக்குமே மாற்றும் உரிமையைக் கொடுத்தது.

மாநிலங்கள் தமக்கிருந்த உரிம அதிகாரத்தைக் கொண்டு எதிர்த்தன. விஸ்கான்சின் மாநிலம் 1870-இல் ஒரு சட்டம் இயற்றியது. அங்கு வணிகம் செய்ய விரும்பும் வெளி மாநிலத் தீக்காப்பீட்டு நிறுவனம், எந்த வழக்கையும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்ற மாட்டேன் என முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நியூயார்க்கின் ஹோம் காப்பீட்டு நிறுவனம் அவ்வாறு எழுதிக் கொடுத்திருந்தும், மோர்ஸ் என்ற பாலிசிதாரர் தொடர்ந்த வழக்கை மாற்ற மனுச் செய்தது. மாநில நீதிமன்றங்கள் மறுத்தன. 1874-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடும் உரிமையை முன்கூட்டியே முற்றாகத் துறக்கும் ஒப்பந்தம் செல்லாது, அதைக் கோரும் சட்டமும் செல்லாது என்று நீதிபதி வார்ட் ஹன்ட் எழுதினார்.

விஸ்கான்சின் அடுத்த வழியை நாடியது. வழக்கை மாற்றும் நிறுவனத்தின் உரிமத்தை மாநிலச் செயலர் நீக்கலாம் என்ற விதி அங்கிருந்தது. 1876-இல் டாய்ல் எதிர் காண்டினென்டல் காப்பீட்டு நிறுவனம் வழக்கில் அந்த விதி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரு நிறுவனத்தை உள்ளே விட மறுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இருப்பதால், எக்காரணம் கொண்டும் அதை வெளியேற்றலாம் என்று தீர்ப்பு வந்தது. இதை எழுதியவரும் அதே ஹன்ட்தான். வழக்கை மாற்றும் உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தினால் கடையை மூட வேண்டிவரும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். இம்முரண்பாட்டைச் சுட்டி நீதிபதி பிராட்லி மாறுபட்ட கருத்து எழுதினார். 1906-இல் கென்டக்கியிலிருந்து வந்த ஆயுள் காப்பீட்டு வழக்கிலும் டாய்ல் தீர்ப்பே உறுதி செய்யப்பட்டது.

1922-இல் டெரல் எதிர் பர்க் கட்டுமான நிறுவனம் வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட் இந்த வரலாற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஆர்கன்சா மாநிலத்தின் இதே போன்ற சட்டத்தைத் தள்ளுபடி செய்து, டாய்ல் தீர்ப்பையும் 1906-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் நீதிமன்றம் வெளிப்படையாகக் கைவிட்டது. அரசியலமைப்பு அளித்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக உரிமத்தைப் பறிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பது அன்று முதல் நிலைபெற்றது.

தொகை வரம்பும் முகவரும்

1887-ஆம் ஆண்டுச் சட்டம் தொகை வரம்பை 2,000 டாலராக உயர்த்தியது. மாற்றும் உரிமையை மீண்டும் பிரதிவாதிக்கு மட்டுமாகச் சுருக்கியது. வழக்கு மாநில நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் தடை விதித்தது.

வரலாற்றாசிரியர் எட்வர்ட் பர்செல், 1870 முதல் 1958 வரையிலான காலத்தை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட நூலில் இந்த வரம்பின் சமூக விளைவை விளக்குகிறார். கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஒரு மாநிலத்தில் சில நகரங்களில் மட்டுமே கூடின. வழக்கு அங்கு மாறினால் வாதியும் சாட்சிகளும் வழக்குரைஞரும் தொலைவு செல்ல வேண்டும், தங்கும் செலவு கூடும், விசாரணை தள்ளிப்போகும். கையில் பணமில்லாத வாதிக்குத் தாமதமே தோல்வி. அவர் குறைந்த தொகைக்குச் சமரசம் செய்துகொள்வார். இதைத் தவிர்க்க, பெரும் இழப்புக்கு ஆளான பலரும் 2,000 டாலருக்குள் தம் கோரிக்கையைத் தாமே குறைத்துக்கொண்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே நிறுவனம் பயன் பெற்றது.

வாதிகளின் மற்றொரு உத்தி, காப்பீட்டை விற்ற உள்ளூர் முகவரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பது. முகவரும் வாதியும் ஒரே மாநிலத்தவர் என்பதால் 1806-ஆம் ஆண்டு விதிப்படி வழக்கை மாற்ற முடியாது. அவ்வாறு சேர்ப்பது பொய்யானது, அவர் மீது உண்மையான கோரிக்கை ஏதுமில்லை என்று நிறுவனங்கள் வாதிட்டன. உண்மைக்குப் புறம்பான சேர்க்கை வழக்கு மாற்றத்தைத் தடுக்காது என்ற விதி இரயில் நிறுவன வழக்குகளில் உருவாகிப் பின்னர் காப்பீட்டு வழக்குகளுக்கும் வந்தது. இன்றும் இது மிகுதியாக வாதிடப்படும் கேள்வியாகும். ஆலங்கட்டி மழை வழக்குகள் பெருகிய டெக்சஸ் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம், முகவரின் பொறுப்பை நிறுவனமே ஏற்றுக்கொண்டு அவரை வழக்கிலிருந்து விடுவிக்க வழி செய்தது.

1938: ஒரே ஆண்டில் இரு தீர்ப்புகள்

1938-இல் ஈரி இரயில் நிறுவனம் எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்விஃப்ட் தீர்ப்பைக் கைவிட்டது. மாநில வேற்றுமை வழக்குகளில் கூட்டாட்சி நீதிமன்றமும் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்றாயிற்று. கிராண்ட் வியூ சங்கம் 1902-இல் சந்தித்த நிலை இதனால் பெருமளவு நீங்கியது. நீதிமன்றத்தை மாற்றிச் சட்டத்தையும் மாற்றும் வாய்ப்பு போயிற்று. நீதிபதி, ஜூரி, நடைமுறை, தொலைவு ஆகிய வேறுபாடுகள் மட்டும் எஞ்சின.

அதே ஆண்டில் வந்த ரெட் கேப் வழக்கு தொகை வரம்பைப் பற்றியது. இந்தியானா மாநில நீதிமன்றத்தில் ஒரு வாடகைக் கார் நிறுவனம் செயின்ட் பால் மெர்க்குரி காப்பீட்டு நிறுவனத்திடம் 4,000 டாலர் கோரியது. அப்போது வரம்பு 3,000 டாலர். வழக்கு மாற்றப்பட்ட பின் வாதி காட்டிய கணக்கில் தொகை 1,400 டாலருக்கும் குறைவாக இருந்தது. ஆயினும் வழக்கு முறையாக மாறிய பின் வாதி தொகையைக் குறைப்பதால் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரம் போகாது என்று தீர்ப்பாயிற்று. வழக்கைத் தொடரும்போது எழுதும் தொகையே முக்கியம் என்ற எச்சரிக்கையை இது வழக்குரைஞர்களுக்குத் தந்தது.

பிற்கால மாற்றங்கள்

1944-இல் சவுத்-ஈஸ்டர்ன் அண்டர்ரைட்டர்ஸ் வழக்கில் காப்பீடும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே என்று உச்ச நீதிமன்றம் கூறி, பால் தீர்ப்பின் அடிப்படையை மாற்றியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் மெக்காரன்-பெர்குசன் சட்டத்தின் மூலம் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பணியை மாநிலங்களிடமே விட்டது. 1958-இல் தொகை வரம்பு 10,000 டாலராக உயர்ந்ததோடு, நிறுவனம் தான் பதிவான மாநிலம், தன் முதன்மை வணிக இடம் உள்ள மாநிலம் ஆகிய இரண்டின் குடிமகனாகவும் கருதப்படலாயிற்று.

லூசியானாவில் நிலைமை தலைகீழாக இருந்தது. அங்கு விபத்தில் காயமடைந்தவர், காரை ஓட்டியவரை விட்டுவிட்டு அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் மீதே நேரடியாக வழக்குத் தொடரலாம். காயமடைந்தவரும் ஓட்டுநரும் லூசியானாவினராக இருந்தாலும் நிறுவனம் வெளி மாநிலத்தது என்பதால் வாதிகளே கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார்கள். 1954-இல் எல்பர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அந்நீதிமன்றங்களில் வழக்குகள் குவியவே, 1964-இல் நாடாளுமன்றம் தலையிட்டது. அத்தகைய நேரடி வழக்கில் காப்பீடு செய்தவர் பிரதிவாதியாகச் சேர்க்கப்படாவிட்டால், நிறுவனம் அவருடைய மாநிலத்தின் குடிமகனாகவும் கொள்ளப்படும் என்று சட்டம் திருத்தப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் எப்போதும் நிறுவனத்துக்கே சாதகமானது என்று பொதுமைப்படுத்த முடியாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1987-இல் மற்றொரு வழி திறந்தது. பணியாளர் நலத் திட்டங்களுக்கான 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் காப்பீட்டுப் பயன்களைக் கோரும் வழக்கு, மாநிலச் சட்டத்தின் பெயரில் தொடரப்பட்டாலும் கூட்டாட்சி வழக்கே என்று மெட்ரோபாலிட்டன் லைஃப் எதிர் டெய்லர் வழக்கில் முடிவாயிற்று. இங்கு மாநில வேற்றுமையோ தொகை வரம்போ தேவையில்லை. நிறுவனம் நேர்மையின்றி நடந்துகொண்டதாகக் கூறி மாநிலச் சட்டத்தின்படி தண்டனை இழப்பீடு கேட்கும் வழியும் அதே நாளில் வந்த பைலட் லைஃப் தீர்ப்பால் இவ்வகைக் காப்பீடுகளுக்கு அடைபட்டது.

இன்றைய விதிகள்

தொகை வரம்பு 1988-இல் 50,000 டாலராகவும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 75,000 டாலராகவும் உயர்ந்தது. இன்று பிரதிவாதி, வழக்கு முறையாகச் சார்பு செய்யப்பட்ட 30 நாட்களுக்குள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் மாற்ற அறிவிப்பைத் தாக்கல் செய்து, அதன் நகலை மாநில நீதிமன்றத்துக்கும் எதிர்த் தரப்புக்கும் தர வேண்டும். உடனே மாநில நீதிமன்றம் விசாரணையை நிறுத்திவிட வேண்டும். பழைய பிணைத் தேவை 1988-இல் நீக்கப்பட்டது. பிரதிவாதிகளுள் ஒருவர் வழக்கு நடக்கும் மாநிலத்தவராக இருந்தால் மாநில வேற்றுமையைக் காட்டி மாற்ற முடியாது. நடைமுறைக் குறை இருந்தால் வாதி 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்பக் கோரலாம். அதிகாரவரம்பே இல்லையெனில் இறுதித் தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் வழக்குத் திருப்பி அனுப்பப்படும்.

தொகையைக் குறைத்து மாநில நீதிமன்றத்திலேயே இருக்கும் பழைய உத்தியும் மறையவில்லை. பலருக்காக ஒருவர் தொடரும் குழு வழக்குகளுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 50 இலட்சம் டாலர் வரம்பு வைத்தது. ஆர்கன்சாவில் ஆலங்கட்டி மழையால் வீடு சேதமான ஒருவர், தம் குழு அதற்கு மேல் கேட்காது என்று எழுதிக் கொடுத்து ஸ்டாண்டர்ட் ஃபயர் காப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். குழுவாக இன்னும் ஏற்கப்படாத மற்றவர்களின் உரிமையை அவர் ஒருவர் குறைக்க முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

அயலாருக்குப் பாரபட்சம் நேரக் கூடாது என்ற 1789-ஆம் ஆண்டின் அக்கறை பொய்யானதன்று. தொலைவிலுள்ள பணக்கார நிறுவனத்துக்கு எதிராக உள்ளூர் ஜூரி சாயக்கூடும் என்ற அச்சத்துக்கும் இடமுண்டு. ஆனால் அச்சட்டத்தை எழுதியோர் மனத்தில் இருந்த அயலார், பழக்கமில்லாத ஊரில் தனியாக நிற்கும் வணிகரோ கடன் கொடுத்தவரோ ஆவர். நாடெங்கும் முகவர்களையும் வழக்குரைஞர்களையும் வைத்திருக்கும் நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தபோது, தொலைவின் சுமை பாலிசிதாரரின் தோளுக்கு மாறியது. இதை நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் அறியாமலில்லை. 1887, 1938, 1958, 1964 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் அந்தச் சுமையைச் சரிசெய்ய முயன்றவையே. 1922, 1987, 2013 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவை அகலத் திறந்தவை. பாலிசிதாரருக்குச் சேர வேண்டிய தொகை என்ன என்ற கேள்விக்கு முன்னால், அதை யார் முன் கேட்பது என்ற கேள்வி இன்றும் அமெரிக்கக் காப்பீட்டு வழக்குகளில் முதலில் வந்து நிற்கிறது.